மிளகுக் களத்தில் என் குதிகால்

கராத்தே படிக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"ஜாம் போத்தல் மூடியத் தொறக்க என்னையக் கூப்பிடுற மனுசன்," என்றாள் வெங்காயத்திடம்.

அதில் பொய் எதுவும் இல்லை. எனக்கு அப்போது வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாத்தளை நகரத்தில் ஒரு பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். எந்த மன்னன் எந்தக் கணவாயில் ஒளிந்திருந்து எதிரியை மடக்கினான் என்பதைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். பிறகு பஸ்ஸில் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நின்றபடியே வீட்டுக்கு வருவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம் அது. செக் பொயின்டுகளில் கையைத் தூக்கித் தூக்கிப் பழகியவனுக்கு, அதே கையை ஒரு தடவையாவது முன்னால் நீட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. டொக்டர் சொன்ன சர்க்கரை அளவும் ஒரு காரணம். வீரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. வரலாற்று நூல்கள் அதை எழுதுவதில்லை.

வகுப்பு சனிக்கிழமை பின்னேரங்களில், வாசிகசாலை மண்டபத்தில். படிப்பித்தவர் ஒரு இளம்பெண். உக்குவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், நகரத்துப் பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. என்னைவிட நன்றாகவே இளையவர். அவர் என்னை 'சேர்' என்பார், நான் அவரை 'டீச்சர்' என்பேன். இந்த மரியாதைப் பரிமாற்றம் அவர் என்னைத் திட்டுவதற்கு ஒருநாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

டீச்சர் கண்டியில் ஒரு மாஸ்டரிடம் படித்துக் கறுப்புப் பட்டி வாங்கியவர். மாத்தளையில் தனியாக வகுப்பு நடத்த அந்த மாஸ்டரின் அனுமதி வேண்டும். மாஸ்டர் சிங்களவர், நியாயமான மனிதர், ஆனால் பெண் பிள்ளை சொல்லிக்கொடுத்து ஆண்பிள்ளைக்குக் குத்து வராது என்று உறுதியாக நம்பினார். (இந்த ஒரு விஷயத்தில் எங்கள் மாவட்டத்தின் எல்லா இனத்தவரும் அந்தக் கெட்ட காலத்திலும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்பதைப் பதிவு செய்கிறேன்.) ஆகவே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு வருஷம் நடத்திப் பார். முடிவில் நானே வந்து பரீட்சை வைப்பேன். உன் ஆட்களில் ஒருவராவது பலகையை உடைத்தால் வகுப்பு உன்னுடையது. இல்லாவிட்டால் கண்டியிலிருந்து என் மாணவன் ஒருவன் வந்து நடத்துவான், நீ அவனுக்கு உதவியாக நிற்கலாம்.

"உதவியா நிக்கிறதுன்டா என்ன டீச்சர்?" என்று கேட்டார் நானா.

"வந்தவங்க பேர எழுதுறது. புதுசா வர்ற மாஸ்டருக்குத் தண்ணி ஊத்திக் குடுக்கிறது. அவர் திரும்பிப் பாக்கிறப்ப சிரிக்கிறது," என்றார் டீச்சர். அவர் சிரிக்கவில்லை.

நானா, வாசிகசாலைக்கு அடுத்த வளவில் மிளகும் கொக்கோவும் வாங்கி உலர்த்தி விற்ற முஸ்லிம் வியாபாரி. மூட்டை சுமந்து சுமந்து அகன்ற தோள், அதற்கு மேல் மருதாணி போட்ட தாடி. அவரும் வெள்ளைப் பட்டி, நானும் வெள்ளைப் பட்டி. இன்னும் ஒரு பேக்கரிக்காரர், ஒரு வங்கி எழுதுவினைஞர், நகை செய்யும் ஆசாரி ஒருவர். ஒரு பெண்ணின் எதிர்காலத்தை ஒப்படைக்க இதைவிட மோசமான படையை எந்த மன்னனும் திரட்டியதில்லை.

முதல் நாளே டீச்சர் கேட்டார். "குத்து எங்கேருந்து வருது?"

"தோள்லேருந்து," என்றேன்.

"நெஞ்சிலேருந்து," என்றார் நானா.

டீச்சர் குனிந்து தன் பின்காலின் குதியைத் தட்டிக் காட்டினார். "இங்கேருந்து."

பிறகு நின்று காட்டினார். முன்கால் முழங்கால் மடங்கி இருந்தது. பின்கால் நீண்டு விறைத்திருந்தது. இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இல்லாமல், தோளின் அகலத்துக்குத் தள்ளி நின்றன. பின்பாதம் பக்கவாட்டில் ஓடிப்போகாமல் முன்னால் பார்த்தது. அந்தக் குதி தரையைத் தள்ளுகிறது, தரை திருப்பித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் கால் வழியே இடுப்புக்கு ஏற, இடுப்பு கீல் போட்ட கதவு மாதிரித் திரும்புகிறது. அங்கிருந்து முதுகு, தோள், கடைசியாகத்தான் முஷ்டி.

"அப்ப கை என்னத்துக்கு டீச்சர்?" என்றார் நானா. கை பெரியதாக இருந்ததால் அவருக்கு மனவருத்தம்.

"கை தபால்காரன், நானா. கடுதாசி எழுதுறது குதிகால். குதி எழுதலைன்னா, தபால்காரன் என்னா ஓட்டம் ஓடினாலும் வெறும் கவருதான் போய்ச் சேரும்."

அந்த வருஷத்தின் பெரும்பகுதியில் நான் வெறும் கவர்களை அனுப்பிக்கொண்டிருந்தேன்.

என் நோய் எளிமையானது. குத்தும் கணத்தில் என் வலது குதி கிளம்பிவிடும். கொக்கு மீனைக் குறிபார்ப்பதுபோல நுனிவிரலில் நின்று குத்துவேன். முஷ்டி போகும், உடம்பும் அதன் பின்னாலேயே போகும், இரண்டும் சேர்ந்து போய் நானாவின் மேல் விழும்.

அந்தக் குதியை முதலில் கண்டுபிடித்தவர் டீச்சர் இல்லை. ஒரு சனிக்கிழமை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து வயிற்றிலிருந்து கத்திக் குத்திய சத்தம் தெருவரை கேட்டிருக்க வேண்டும். ரோந்து போன இராணுவத்தினர் உள்ளே வந்துவிட்டார்கள். நாங்கள் முஷ்டி மடக்கியபடி சிலையானோம். அடையாள அட்டை கேட்டார்கள். கராத்தே உடுப்பில் பை கிடையாது. அந்தக் காலத்துத் தமிழனைப் பொறுத்தவரை இது எவ்வளவு பெரிய வடிவமைப்புக் குறை என்பதை ஜப்பானில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எங்கள் அட்டைகள் ஆணியில் தொங்கிய காற்சட்டைகளில் இருந்தன. டீச்சர் நல்ல சிங்களத்தில் விளக்கினார். ஜன்னலெல்லாம் திறந்திருப்பதைக் காட்டினார். எங்கள் தொந்திகளையும் காட்டினார். அதுதான் எடுபட்டது என்று நினைக்கிறேன்.

ஒரு இளம் சிப்பாய்க்கு மட்டும் போக மனமில்லை. "எங்கே, குத்திக் காட்டுங்கள்," என்றான் சிங்களத்தில், என்னைப் பார்த்து. குத்தினேன். அவன் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு என் காலைக் கவனமாகப் பார்த்தான்.

"ஐயா, பின்குதி தூக்குகிறது. கீழே வையுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர்கள் வாசல் தாண்டும்வரை முஷ்டிகளை மடக்கியே வைத்திருந்தோம். பிறகு நானா மூச்சுவிட்டார். "இனி உங்கட குதிய மறைக்க ஏலா சேர். பாதுகாப்பு அமைச்சு வரைக்கும் போயிட்டுது."

அதன் பிறகு டீச்சர் என் குதியைத் தன் சொந்தப் பகையாக எடுத்துக்கொண்டார். பத்திரிகைத் தாளை மடித்துக் குதியின் கீழே வைப்பார். நான் குத்தும்போது அவர் தாளை இழுப்பார். குதி தரையில் இருந்தால் தாள் கிழியும், கிளம்பினால் முழுசாக வந்துவிடும். பேக்கரிக்காரருக்குக் கிழிந்தது. ஆசாரிக்குக் கிழிந்தது. எனக்கு மட்டும் தாள் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் வந்தது, அன்றைக்கே வாசிக்கலாம் என்ற நிலையில். தாள் வைத்த பிறகு குதி முன்னைவிட உயரமாகக் கிளம்புகிறது என்று டீச்சர் குழம்பினார். பிறகுதான் கவனித்தார். ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் நான் குனிந்து தாளைத் தொட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னா சேர் செய்றீங்க?"

"கண்ணுல ஒத்திக்கிறேன், டீச்சர். கால் பட்டிருச்சில்ல."

எழுத்து உள்ள தாளில் கால் படக்கூடாது என்று வளர்ந்த வீடு எங்களுடையது. பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கும்பிடத் தகுந்தது எதுவும் இல்லை. செத்தவர்களுக்கு இரண்டு தரப்பும் இரண்டு கணக்குச் சொன்ன பக்கம்தான் அது. ஆனால் குதிகாலுக்கு வாசிக்கத் தெரியாதே. எழுத்தென்றால் விலகு என்று மட்டும்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நானும் அப்பிடித்தான் வளந்தேன் சேர். ஆனா குத்துறப்ப மறந்துருவேன்."

"சரஸ்வதிய மிதிக்க ஏலாதுன்டா சிலிசிலி பேக்க வைங்க டீச்சர்," என்றார் நானா, கடைக்குப் போய் ஒரு மெல்லிய பொலித்தீன் பையை எடுத்து வந்து. "அதுல ஒங்கட சாமியும் இல்ல, எங்கட எழுத்தும் இல்ல."

பை வேலை செய்தது. சில வாரங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, டீச்சர் இழுத்தபோது பாதிப் பைதான் அவர் கையில் வந்தது. மீதி என் குதியின் கீழ் இருந்தது. அதே கணத்தில், நான் குத்துவதற்காக நானா பிடித்திருந்த கொக்கோ மூட்டை 'தொம்' என்றது. முன்பெல்லாம் அது 'டப்' என்றுதான் சொல்லும். இரண்டு சத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டீச்சர் முகத்தில் பார்த்தேன்.

"இன்னொருக்கா," என்றார். இன்னொரு தடவை குத்தியபோது 'டப்' என்றது. அப்படித்தான் ஊசலாடிக்கொண்டு பரீட்சை நாளை வந்தடைந்தேன்.

அன்றைக்கு டீச்சர் மாஸ்டரைக் கூட்டி வரக் காலையிலேயே கண்டிக்குப் போய்விட்டார். மண்டபத்தைக் கூட்டி வைக்கும் பொறுப்பு எங்களுடையது. கூட்டுவதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் பெரிய மனிதர் வருகிறார் என்றால் தரை சிவக்க வேண்டும். பெண் பார்க்க வந்தாலும், கல்வி அதிகாரி வந்தாலும், முதல் வேலை சிவப்புப் பொலிஷ் டின்னைத் திறப்பதுதான். டின்னையும், பாதியாகப் பிளந்த தேங்காய் மட்டைகளையும் என் மனைவியே கொடுத்துவிட்டாள்.

"கண்டியிலேருந்து ஆள் வர்றப்ப தரை வெளுத்துப்போயா கெடக்கிறது? அந்தப் புள்ளைக்கில்ல அசிங்கம்?"

ஆகவே பூசினோம். ஆளுக்கொரு மட்டையில் கால் வைத்து, வேட்டியையும் சாரத்தையும் மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்த்தோம். இடுப்பைத் திருப்பு, இடுப்பைத் திருப்பு என்று ஒரு வருஷம் தொண்டை வறண்ட டீச்சர் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். மத்தியானத்துக்குள் தரை கண்ணாடியாகிவிட்டது. நானா அதில் குனிந்து தாடியைச் சீவிக்கொண்டார். எங்கள் உள்ளங்கால்கள் எல்லாம் செக்கச் சிவந்திருந்தன, கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைத்த மாதிரி. ஒரு வருஷமாகத் தரையைப் பிடி என்ற ஒரே பாடத்தைப் படித்தவர்கள், பிடிப்பதற்குத் தரையில் ஒன்றுமே மிச்சம் வைக்கக்கூடாது என்பதில் அவ்வளவு அக்கறையாக இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. இது சத்தியம்.

டீச்சர் மாஸ்டரோடு வாசலில் செருப்பைக் கழற்றினார். தரையைப் பார்த்தார். முகத்திலிருந்த இரத்தம் எல்லாம் தரைக்கு இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

"யாரு செஞ்சது?" என்றார் மெல்லிய குரலில்.

"எல்லாரும் சேந்துதான் டீச்சர்," என்றார் பேக்கரிக்காரர் பெருமையாக.

பரீட்சை தொடங்கியது. பேக்கரிக்காரர் குத்தியபோது முஷ்டி முன்னால் போனது, பின்கால் பின்னால் போனது, அவர் நடுவில் இறங்கினார். வங்கிக்காரரும் ஆசாரியும் அவரைப் பின்பற்றினார்கள். நானாவின் இரண்டு கால்களும் எதிரெதிர்த் திசைகளில் பயணம் புறப்பட்டன. மிளகு மூட்டை விழுந்தது போன்ற சத்தம். "அல்லாவே, எண்ட இடுப்பு!" எப்படி நிற்பது என்று காட்ட மாஸ்டரே ஒரு அடி வைத்தார். அவர் காலும் வழுக்கியது. ஆனால் அவர் அந்த வழுக்கலை அப்படியே ஒரு வணக்கமாக மாற்றிவிட்டார். வித்தை என்றால் அதுதான்.

என் முறையில் குதி தோணிபோல மிதந்து போய்விட்டது. முஷ்டி பலகையைத் தொட்டது, வீட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது மாதிரி. பலகை பதில் சொல்லவில்லை.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருட்டுவதற்குள் ஸ்டேசனுக்குப் போய்க் கண்டிக் கோச்சியைப் பிடிக்க வேண்டும். வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். "உன் மேல் பிழையில்லை, மகள்," என்றார் சிங்களத்தில், உண்மையான இரக்கத்தோடு. "அடுத்த வாரத்திலிருந்து என் பையன் வருவான்."

டீச்சர் அழுவார் என்று நினைத்தேன். நான் அவரைச் சரியாகப் புரிந்துகொள்ளாமலே ஒரு வருஷம் படித்திருக்கிறேன். அவர் போய் மாஸ்டரின் மற்றச் செருப்பின் முன்னால் நின்றுகொண்டார்.

"மாஸ்டர், குத்து தரையிலிருந்து வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள். இன்றைக்கு நீங்கள் தரையைத்தான் சோதித்தீர்கள். தரை தோற்றுவிட்டது, சரி. என் ஆட்களை இன்னும் சோதிக்கவில்லை. எனக்கு வேறு தரை தாருங்கள்."

மாஸ்டர் ஒற்றைச் செருப்போடு யோசித்தார். அந்த இடைவெளியில், தரையில் கிடந்த நானாவின் குரல் எழுந்தது.

"எண்ட களம் ஈக்குதே! டீச்சர், மிளகுக் களம்!"

மதிலுக்கு அந்தப் பக்கம் நானாவின் மிளகு காயும் சீமெந்துக் களம். சொரசொரப்பான சாம்பல் நிறத் தரை, அன்றைய வெயிலில் நன்றாகக் காய்ந்திருந்தது. அதன் முழு அகலத்துக்கும் மிளகு பரப்பியிருந்தது. நானா நொண்டிக்கொண்டே மரப்பலகை வாரியை எடுத்து, காயும் மிளகைத் தானே ஓரமாகத் தள்ளினார். விற்க வந்து நின்ற தோட்டக்காரர்கள், "நானா, மண் ஒட்டிரும்!" என்று கத்தினார்கள். "மிளகு நாளைக்கும் காயும், போங்கடா," என்றார்.

யார் முதலில் என்ற கேள்வி எழுந்தது. நானா இடுப்பைப் பிடித்திருந்தார். மற்றவர்கள் முழங்கால்களைத் தடவிக்கொண்டிருந்தார்கள். விழாமல் தப்பியவன் நான் மட்டும்தான். விழும் அளவுக்கு நான் முயற்சி செய்யவில்லை என்பது காரணம்.

"சேர், நீங்க," என்றார் டீச்சர்.

"டீச்சர், வரலாறு தோல்விகளையும் மரியாதையாத்தான்..."

"வாய மூடிக்கிட்டுக் காலப் பாருங்க சேர்."

மாஸ்டரும் பேக்கரிக்காரரும் பலகையைப் பிடித்தார்கள். குறி தவறினால் பரீட்சகரைக் குத்திவிடுவேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாஸ்டருக்கு வடையும் பிளேன்டீயும் கொண்டு வந்த என் மனைவி மதிலருகே தட்டோடு நின்றாள்.

இடதுகாலை முன்னால் வைத்தேன். வலதுகாலை நீட்டிக் குதியை இறக்கினேன். சுருக்கென்றது. தப்பிக் கிடந்த ஒரு மிளகு, சரியாகக் குதியின் கீழே. வேறு எந்த நாளாக இருந்தாலும் குதி கூரைக்குப் போயிருக்கும். பக்கத்தில் டீச்சர் மூச்சுவிடாமல் நிற்பது தெரிந்தது. அவர் யாருக்கோ தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும், அந்த யாரோ திரும்பிப் பார்க்கும்போது சிரிப்பதும் கண்ணுக்குள் வந்தன. மிளகை மிதித்தேன். அது நசுங்கியது. சூடான சீமெந்து என் பாதத்தைக் கவ்விப் பிடித்தது. நான் தள்ளினேன், அது திருப்பித் தள்ளியது. ஏதோ ஒன்று காலில் ஏறி, இடுப்பைத் திருப்பி, முதுகில் ஓடி, நான் அனுப்பாமலேயே என் கை போனது.

கைக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. பார்த்தால் மாஸ்டர் கையில் அரைப் பலகை, பேக்கரிக்காரர் கையில் அரைப் பலகை, நடுவில் என் முஷ்டி, வழி தெரியாமல் வந்துவிட்ட விருந்தாளி போல.

மிளகு விற்க வந்தவர்கள் விசிலடித்தார்கள். நானா இடுப்பை மறந்து குதித்து, பிறகு ஞாபகம் வந்து அலறினார். மாஸ்டர் மட்டும் பலகையைப் பார்க்கவேயில்லை. குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நின்ற இடத்தில் என் இரண்டு பாதங்களும் அச்சடித்த மாதிரிப் பதிந்திருந்தன. காலையில் பூசிய பொலிஷ்! சாம்பல் சீமெந்தில் சிவப்பாக, முன்பாதமும் பின்பாதமும், நடுவில் தோளின் அகலம். பின்பாதத்தில் குதி முழுசாக விழுந்திருந்தது, விரல்களைவிட அழுத்தமாக. அது தரையைத் தள்ளித் திரும்பிய இடத்தில் ஒரு சிறு இழுவை. அதன் நடுவே நசுங்கிய மிளகு.

மாஸ்டர் அந்த இழுவையை விரலால் தடவினார். "பூச்சி அரித்த பலகையை யாரும் உடைக்கலாம்," என்றார். "குதியை இப்படி வைக்க யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்." நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "வகுப்பு உன்னுடையது. என் பையனுக்கு வேறு வேலை கொடுக்கிறேன்." எழுந்து கையைத் தட்டிவிட்டு நானாவிடம் கேட்டார். "முதலாளி, அந்தச் சிவப்பு எந்தக் கடையில் வாங்கியது? கண்டியில் என் ஆட்களின் காலிலும் பூசிப் பார்க்க வேண்டும்."

அதன் பிறகு யாரைத் தடுப்பது? ஆசாரி உடைத்தார். வங்கிக்காரர் உடைத்தார். பேக்கரிக்காரர் உடைத்துவிட்டு அரைப் பலகையை முத்தமிட்டார். நானா "பிஸ்மில்லாஹ்" என்று தொடங்கி, நொண்டிக்கொண்டே, பலகையோடு சேர்த்து அதைப் பிடித்திருந்தவர்களையும் பின்னால் தள்ளினார். களம் முழுக்கச் சிவப்புப் பாதங்கள். டீச்சர் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். மாஸ்டர் முன்னால் அடக்கி வைத்திருந்த சிரிப்பு, நானாவின் பெரிய பாதத்தருகே வந்தபோது வெடித்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. பிறகு என் பாதத்தருகே வந்து நின்றார்.

"சேர்."

"சொல்லுங்க டீச்சர்," என்றேன், பாராட்டை அடக்கமாக ஏற்றுக்கொள்ளத் தயாராக.

"முன்கால் பெருவிரல் வெளிய ஓடுது பாருங்க. அடுத்த சனிக்கிழமை அதுக்கு ஒரு வழி பண்ணணும்."

அடுத்த சனிக்கிழமை என்று அவர் சொன்ன விதத்தில் ஒரு நாட்டின் சுதந்திரப் பிரகடனமே இருந்தது.

என் மனைவி தட்டை மதில்மேல் வைத்துவிட்டு வந்து அரைப் பலகையை எடுத்தாள். உடைந்த ஓரத்தை வெயிலில் பிடித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று நன்றாகப் பார்த்தாள். இல்லை. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"காலக் கழுவிட்டுத்தான் வீட்டுக்குள்ள வரணும்," என்றாள். ஆனால் பலகையைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் தன்னோடு கொண்டுபோனாள். அது நெடுங்காலம் எங்கள் குசினியில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாக இருந்தது. வந்தவர்கள் கேட்காவிட்டாலும் அது எப்படி உடைந்தது என்று அவளே சொல்வாள். ஜாம் போத்தலை இன்றைக்கும் அவள்தான் திறக்கிறாள். குதிகாலை எங்கே ஊன்றுவது என்று எனக்கு அதில் இன்னும் பிடிபடவில்லை.

வகுப்பு அதற்குப் பிறகு நானாவின் களத்திலேயே நடந்தது, மிளகை ஓரமாகத் தள்ளிவிட்டு. மற்றவர்களின் பாதங்கள் வாரி இழுத்து இழுத்து அழிந்துபோயின. என் பின்பாதத்தைச் சுற்றி மட்டும் நானா கரித்துண்டால் ஒரு வட்டம் போட்டு, வேலைக்காரர்கள் அங்கே வாரியை இழுக்காமல் பார்த்துக்கொண்டார். மிளகு விற்க வருபவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு மொத்த வியாபாரி, ஏதோ மகானின் பாதமாக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"சே, சே, அவ்வளவு பெரிய ஆள் இல்ல," என்றாராம் நானா. "எங்கட சேர்ட குதி. மிதிச்சிராதீங்க, அத தரையில வைக்க எங்கட டீச்சருக்கு ஒரு வருஷம் போச்சு."